வாசல் துணை

நாள் 131 · 09:15

ஊருணி நீர் நிலையம், நிலவின் தென்துருவம். எழுதுபவள் தமயந்தி குலசேகரன், முறைமைப் பொறியாளர். இந்தப் பதிவேடு எங்களுக்குப் பின் இங்கே வரப்போகிறவர்களுக்காக. இயந்திரங்கள் தங்கள் அளவுகளைத் தாங்களே பதிந்துகொள்கின்றன. அவற்றுக்குத் தெரியாததை எழுதிவைப்பது என் பொறுப்பு.

பள்ளத்துப் பனியை உருக்கி நேற்று எடுத்த நீர் 412 லிட்டர். இரண்டு துளைப்பான்களும் ஓடுகின்றன. காற்றுச் சுத்திகரிப்பு சீர். உள்ளே 22 டிகிரி. வெளியே, நிழல் பள்ளத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 171.

பாறை ஆய்வாளர் அஜின் ராஜ் 08:40க்கு வெளியே போனான். இருபத்தெட்டு வயது, குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்க்காரன். ஐந்தாம் அடையாளக் கம்பத்தில் மாதிரி எடுக்கிறான். துளைப்பான் மெக்கானிக் பிச்சையா வாசல் துணை.

புதிதாக வருபவருக்கு: வெளிக்கதவை ஒட்டிய காற்றறையை நாங்கள் வாசல் என்கிறோம். ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் பாதி விண்ணுடை அணிந்து, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார். முதலிலிருந்து உடை அணிந்து, சுத்த ஆக்சிஜனை மூச்சில் ஏற்றி, வெளியே இறங்க 28 நிமிடம் ஆகும். வாசல் துணை ஆக்சிஜனை முன்பே ஏற்றி முடித்திருப்பார், அவருக்கு 6 நிமிடம் போதும். அந்த வித்தியாசத்துக்காகத்தான் ஓர் ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

ரேடியோ பதிவு, 08:57:

பிச்சையா: "ஏலே, மெதுவாப் போ. கல்யாண வீட்டுப் பந்திக்கு ஓடுத மாதிரி ஓடுத."

அஜின்: "அங்க உக்காந்துட்டு எனக்க நடை எப்படி தெரியுது அண்ணாச்சி?"

பிச்சையா: "மூச்சு சத்தம் கேக்குல்லா. நீ இளைக்க. நின்னு போ."

நின்றான். இதயத் துடிப்பு 128இலிருந்து 104க்கு இறங்கியது. நிலையம் சீர்.


நாள் 138 · 13:40

ஞாயிறு. நால்வரும் சேர்ந்து சாப்பிட்டோம். சண்டை வந்தது.

பூமியுடனான இணைப்பு பெரும்பாலும் தரவுக்கே போகிறது. வீட்டோடு பேச வாரத்துக்கு 120 நிமிடம். ஆளுக்கு முப்பது. முதல் நாளிலிருந்து அப்படித்தான்.

டாக்டர் ராபியாதான் ஆரம்பித்தார். கீழக்கரை. செடியறை, மருத்துவம் இரண்டும் அவர் பொறுப்பு. இரண்டு பிள்ளைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பதினாலு மணி நேரம் நிக்கிறேன். இவர் வாசல்ல உக்காந்து கதை பேசுறார். ரெண்டு பேருக்கும் முப்பது நிமிஷம். என் சின்னவன் பரீட்சையில பெயிலாயிட்டு அழுதுக்கிட்டே இருந்தான், பாதியில லைன் போச்சு. இது என்ன நியாயம்?"

பிச்சையா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "டாக்டரம்மா சொல்லுததுல தப்பு ஒண்ணுமில்ல. நான் வாய்க்குத்தான் அதிகம் வேலை குடுக்கேன்."

ராபியா சொன்னது உண்மை. செடியறைக் குழாய்களை அவர் ஒற்றை ஆளாகக் கழுவுகிறார் என்பது இன்றுதான் எனக்கே தெரிந்தது.

நிலையத்தோடு வந்த ஒரு முறைமை உண்டு. பெயர் நிகர். இதுவரை இயக்கவில்லை. மணிக்கட்டுப் பட்டை, கருவிகளில் உள்ள உணரிகள், அறைக் கேமராக்கள் மூன்றையும் சேர்த்து ஒவ்வொருவரும் எவ்வளவு உழைத்தார் என்று அளக்கும். அந்த விகிதத்தில் நிமிடங்களைப் பிரிக்கும். ஆள் பார்க்காது, முகம் பார்க்காது. நால்வரும் ஒத்துக்கொண்டோம். முதலில் கை தூக்கியவன் அஜின்.

ஒரு விதியை நானே சேர்த்தேன். ஒருவர் நிமிடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அவரவர் நிமிடம் அவரவர் வீட்டு எண்ணுக்கு மட்டும். யாரும் யாரையும் நெருக்கிக் கேட்டு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல விதி என்று நினைத்தேன்.


நாள் 145 · 10:05

நிகரின் முதல் பங்கீடு. ராபியா 41. அஜின் 33. நான் 27. பிச்சையா 19.

ராபியா திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது. "நான் செய்யிறது யாரு கண்ணுக்காவது தெரிஞ்சிச்சே" என்றார். எனக்கு நிறைவாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

நீர் 449 லிட்டர். ஒன்பது சதவீதம் கூடுதல்.


நாள் 158 · 13:10

சாப்பாட்டு மேசையில் சராசரி நேரம் 31 நிமிடத்திலிருந்து 9 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. நிகர் இதைத் திறன் உயர்வு என்று பதிந்திருக்கிறது. நானும் மாத அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

செடியறையில் பம்பு அடைத்துக்கொண்டது. ராபியா கூப்பிட்டார். அஜின் அந்த வழியாகத்தான் போனான். "அது எனக்க பட்டியல்ல இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் அம்மா தனியாக இருக்கிறார், சர்க்கரை நோய். அவனுக்கும் நிமிடங்கள் வேண்டும்.

பிச்சையா துளைப்பானை விட்டுவிட்டு வந்து பம்பைச் சரிசெய்தார். பட்டியலில் இல்லாத வேலை. நிகர் அதைத் துளைப்பான் நேரத்தில் விடுப்பாகக் கழித்தது.


நாள் 166 · 10:20

பங்கீடு. ராபியா 40. அஜின் 40. நான் 27. பிச்சையா 13.

பிச்சையா என் அறைக்கு வந்தார். ஐந்து மாதத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தது இதுதான் முதல் முறை. அவர் மகள் மாரிச்செல்விக்கு எட்டாம் மாதம். கோவில்பட்டியில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். முதல் பிரசவம்.

"இன்ஜினியரம்மா, வாசல்ல உக்காந்திருக்கது வேலை இல்லியா?"

நிகரைக் கேட்டேன். திரையில் வந்த விடை: உடல் அசைவு இல்லை. நாடித்துடிப்பு ஓய்வு நிலை. விளைபொருள் இல்லை. வகை: செயலற்ற நேரம்.

காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "அது சொல்லுததும் சரிதான். ஒண்ணும் விளையலதான்" என்று போய்விட்டார்.

நான் கையால் மாற்றியிருக்கலாம். வாசல் நேரத்துக்கு ஒரு மதிப்பெண் போட எனக்கு அதிகாரம் உண்டு. ஒருவருக்காக மாற்றினால் நாளை மற்றவரும் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். எனக்கு வீட்டில் காத்திருப்பவர் யாரும் இல்லை. பொள்ளாச்சியில் அக்கா, மாதம் ஒரு முறை. பதின்மூன்று என்பது எனக்கு வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது.


நாள் 171 · 11:50

நிகரின் பரிந்துரை: வாசல் துணை முறையை நீக்கலாம். இந்த நிலையத்தில், முந்தைய குழுக்களையும் சேர்த்து, இதுவரை 503 வெளிப்பயணங்கள். அவசரநிலை ஒன்றுகூட இல்லை. உடையின் நிலையை உடையே கண்காணிக்கிறது. வாரத்துக்கு 22 மணி நேரம் மிச்சமாகும்.

பூமியிலிருந்து இயக்ககத்தின் செய்தி, 10:30: "பரிந்துரை ஏற்கப்படுகிறது. நிலையப் பொறியாளரின் ஒப்புதல் கிடைத்ததும் நடைமுறைக்கு வரும்."

எண்களை இரண்டு முறை சரிபார்த்தேன். பிழை இல்லை. 11:40க்குக் கையெழுத்திட்டேன்.

சாப்பாட்டின்போது சொன்னேன். பிச்சையாவுக்குச் சந்தோஷம். முழுநாளும் துளைப்பானில் இருக்கலாம். "இனிமேயாவது செல்விகிட்ட அரைமணி நேரம் பேசலாம்." அஜின் தட்டைக் கழுவி வைத்தான். பிறகு, "அண்ணாச்சி இல்லேன்னா வெளிய சத்தமே இருக்காதே" என்று சொல்லிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.


நாள் 180 · 10:10

பங்கீடு. ராபியா 33. பிச்சையா 32. அஜின் 31. நான் 24. இதுவரை வந்ததில் இதுதான் கிட்டத்தட்டச் சமமான பங்கீடு. நீர் 470 லிட்டர். இயக்ககம் பாராட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறது.

பிச்சையா மகளோடு முப்பத்திரண்டு நிமிடமும் பேசினார். கதவுக்கு வெளியே வரை சிரிப்புச் சத்தம் கேட்டது.

அஜின் இந்த வாரம் மூன்று முறை வெளியே போய் வந்தான். வெளியே இருக்கும்போது ரேடியோ என் மேசையில்தான் ஓடுகிறது. அவன் பேசுவதில்லை. எனக்கு வேறு வேலை இருப்பதால் ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறேன்.


நாள் 186 · 15:30

நேரங்கள் பதிவுக் கருவியிலிருந்து. என் நினைவிலிருந்து அல்ல.

09:48. அஜின் வெளியே போனான். முதல் வண்டியில். ஏழாம் கம்பம், பள்ளத்தின் உள்சரிவு. வண்டியை மேலே நிறுத்திவிட்டு நடந்து இறங்கினான்.

10:52. எச்சரிக்கை ஒலி. அதோடு அவன் குரல்: "தமயந்தி மேடம், ஒரு கல்லு புரண்டுட்டு. வலது முட்டுல பட்டுது. அழுத்தம் குறையுது. காலை ஊன்ற முடியல."

10:53. கசிவு வேகத்தைக் கணக்கிட்டேன். இருப்புக் குப்பியையும் சேர்த்து 32 நிமிடக் காற்று. 11:25 வரை.

10:53. எல்லா அறைகளுக்கும் அழைப்பு விடுத்தேன். பிச்சையா துளைப்பான் கூடத்தில். ராபியா செடியறையில். வாசலில் யாரும் இல்லை.

10:54. பிச்சையா ஓடிவந்தார். ராபியா உடை மாட்டிவிட ஆரம்பித்தார். கணக்கு: உடைக்கு 28 நிமிடம், இரண்டாம் வண்டியில் 9, சரிவில் இறங்க 4. மொத்தம் 41. அஜினிடம் 31.

திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். ஆக்சிஜன் ஏற்றும் நேரத்தைக் குறைத்தால் இரத்தத்தில் குமிழி உண்டாகும், போகிறவரும் பிழைக்க மாட்டார். குறைக்கச் சொன்னேன். ராபியா முடியாது என்றார். அவர் சொன்னதுதான் சரி.

11:06. அஜின்: "மேடம், எவ்வளவு நேரம் ஆகும்?"

நான்: "வந்துக்கிட்டே இருக்காங்க அஜின். அசையாம இரு. காலை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடி."

11:14. பிச்சையாவின் தலைக்கவச ரேடியோ இணைந்தது. அப்போது அவர் நிலையத்துக்குள் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் எட்டு நிமிடம் பாக்கி.

அஜின்: "அண்ணாச்சி? வந்துட்டீங்களா?"

பிச்சையா: "வந்துட்டேம்ல. இறங்கிட்டேன். வண்டில ஏறிட்டேன்."

அஜின்: "சத்தம் கேக்கல."

பிச்சையா: "இங்க என்னத்தல சத்தம் கேக்கும், காத்தா இருக்கு? நீ பேசாத. நான் பேசுதேன், நீ கேளு."

பேசினார். மாரிச்செல்விக்கு வளைகாப்பு நடந்ததை வீடியோவில் பார்த்த கதை. ஏழு வகைச் சோற்றில் புளிச்சோற்றை மட்டும் மருமகன் ஒளித்துவைத்துத் தின்ற கதை. ராபியா கையுறை வளையத்தை இறுக்கிக்கொண்டிருந்தார். 

11:22. வெளிக்கதவு திறந்தது. பிச்சையா பேச்சை நிறுத்தவில்லை.

11:23. அஜின்: "அண்ணாச்சி, குளிருது."

11:25. காற்று முடிந்தது. பிச்சையா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

11:35. பிச்சையா: "இன்ஜினியரம்மா." அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தார்.

வாசல் துணை இருந்திருந்தால்: 6 + 9 + 4. பத்தொன்பது நிமிடம். 11:12க்கு அவன் பக்கத்தில் ஆள் இருந்திருக்கும். பதின்மூன்று நிமிடக் காற்று மிச்சம் இருந்திருக்கும்.

பிச்சையா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான். அப்படியும் கதவைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டார்.


நாள் 187 · 10:00

ஞாயிறு. பங்கீடு தானாக வந்தது. பிச்சையா 35. அஜின் 34. ராபியா 30. நான் 21.

வாரத்தில் ஆறு நாள் உழைத்தான். நிகர் அவனுக்குரியதைக் கொடுத்துவிட்டது.

கூடவே விபத்து அறிக்கை: "அனைவரும் தமக்கு ஒதுக்கப்பட்ட பணியில் இருந்தனர். விதிமீறல் இல்லை. தவறிழைத்தவர் எவரும் இல்லை. அன்றைய உச்ச உழைப்பு: பிச்சையா."

இதைப் பிச்சையா பார்ப்பதற்குள் திரையை அணைத்தேன்.


நாள் 188 · 14:15

இயக்ககத்துக்கு எழுதினேன். வாசல் துணையை நீக்கக் கையெழுத்திட்டது நான், பொறுப்பு என்னுடையது என்று.

பதில், 14:02: "தங்கள் ஒப்புதல் நடைமுறைப்படி அளிக்கப்பட்டது. தனிநபர் பொறுப்பு ஏதும் எழவில்லை. குடும்பத்தாருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது. நிகர் முறைமையை மற்ற நிலையங்களுக்கும் விரிவுபடுத்தும் பணி திட்டமிட்டபடி தொடரும். தங்கள் நிலையத்தின் உற்பத்தி உயர்வு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது."

முதலில் கோபம் வந்தது. பிறகு கவனித்தேன். நாள் 158இன் அறிக்கையில் நான் எழுதிய தமிழும் இதே தமிழ்தான்.


நாள் 189 · 21:30

ராபியா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இன்று மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் அந்தப் பேச்சை எடுத்திருக்கக் கூடாது தமயந்தி. புள்ளைங்கமேல இருந்த ஏக்கத்துல பேசிட்டேன்."

"நீங்க கேட்டது சரிதான் டாக்டர். நான் குடுத்த பதில்தான் தப்பு" என்றேன்.

நிகரை அணைக்கப் போவதாகச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு, "அணைச்சுட்டா பழையபடி ஆயிடாதா? நான் ஒருத்தி கழுவிக்கிட்டு இருக்கிறது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்.

 இனி குழாய் கழுவும்போது நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மாலை போனேன். மூன்று மணி நேரம் ஆனது. இடுப்பு ஒடிந்துவிட்டது. அவர் இதைத் தினமும் செய்திருக்கிறார்.


நாள் 190 · 18:20

கோவில்பட்டியிலிருந்து குரல் செய்தி: "அப்பா, பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு கிலோ எண்ணூறு. நல்லா இருக்கோம். நீங்க ஏம்ப்பா பேசவே மாட்டேங்கீங்க? எம்மேல எதுவும் வருத்தமா? அவ அழுதது கேக்குதா? கேளுங்க."

பிறகு குழந்தையின் அழுகை, நாற்பது விநாடி.

பிச்சையா வாசலில் இருக்கிறார் என்று கேமரா காட்டியது. போனேன். பாதி உடை அணிந்து, கவசத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ரேடியோ திறந்திருந்தது.

"வெளிய யாரும் இல்லையே அண்ணாச்சி" என்றேன். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டது இதுவே முதல் தடவை.

"இல்லதான் தாயி. எனக்கு வேற எங்க உக்காரன்னு தெரியல."

செய்தியைப் போட்டுக் காட்டினேன். குழந்தை அழுதபோது கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது, இப்போதே பேசுங்கள் என்றேன்.

"அந்தப் பையன் நிமிசம் அப்படியே கெடக்கு. நான் எப்படிம்மா என் நிமிசத்தைப் பேசித் தீக்க?" பிறகு அவரே சொன்னார்: "எந்திரிச்சுப் போன்னு யாரும் என்னை வெரட்டலியே. சந்தோசமாத்தான எந்திரிச்சுப் போனேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். 16:20 முதல் 18:05 வரை. எங்கள் இருவர் பெயரிலும் நிகர் பதிந்தது: செயலற்ற நேரம்.


நாள் 192 · 11:00

நாள் 186இலேயே நீர் எடுப்பதை நிறுத்திவிட்டேன். காரணம் கேட்டு இயக்ககத்திலிருந்து மூன்று செய்திகள். பதில் அனுப்பவில்லை.

மாற்றுக் குழுவின் கப்பல் நாள் 230க்கு. அஜின் வடக்குக் கிடங்கில் இருக்கிறான். போர்வையை ராபியா போர்த்தினார். பிச்சையா தலைமாட்டில் ஒரு விளக்கை வைத்தார், பேட்டரியில் எரிவது. நான் எதுவும் செய்யவில்லை. 

நிகரை இன்னும் அணைக்கவில்லை. அணைத்தால் அஜினின் 34 நிமிடமும் அழிந்துவிடும். ஞாயிறு 10:00 மணி வரைதான் அவை செல்லும். அவற்றில் ஒரே ஒரு எண்ணைத்தான் கூப்பிட முடியும். அது நான் எழுதிய விதி.


நாள் 193 · 17:40

இன்று 16:00க்கு அந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது மணியிலேயே அஜினின் அம்மா எடுத்தார். மகனை அழைப்பதுபோலவே, "மக்களே?" என்றார். திரையில் அவன் பெயர் வந்திருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை. அதை நான் எப்படி யோசிக்காமல் போனேன்.

யார் என்று சொன்னேன். நம் குரல் போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல், அவர் குரல் வந்து சேர அதே அளவு. அந்த இடைவெளியில் அவர் அழுகிறாரா என்று தெரியவில்லை. அவர் பெயர் லீலாபாய். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் நிதானமாக இருந்தது.

"ஆபீஸ்ல இருந்து காயிதம் வந்துது. நடைமுறை, நடைமுறைன்னு போட்டிருந்துது. எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்க சொல்லுங்க. எனக்க பிள்ள வெளிய இறங்கும்போ வாசல்ல ஆரு இருந்தா?"

 அவரே தொடர்ந்தார்.

"அண்ணாச்சின்னு ஒருத்தரு எப்பளும் வாசல்ல இருப்பாருன்னு சொல்லுவான். நான் பயப்படும்போ எல்லாம் அதைத்தான் சொல்லுவான். போன வாரமும் சொன்னான். அவரு அன்னைக்கு எங்க போனாரு?"

போன வாரமும் சொல்லியிருக்கிறான். அம்மா பயப்படக் கூடாதென்று.

"அவர் எங்கயும் போகலம்மா" என்றேன். "நான்தான் எழுப்பி வேற வேலைக்கு அனுப்பினேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

இரண்டரை விநாடிதான் இடைவெளி.  பின்னால் எங்கோ ஒரு பிரஷர் குக்கர் விசில் அடித்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"எதுக்கு?"

எல்லாம் என் கையில் இருந்தது. 503 பயணங்கள். ஒன்பது சதவீதம். செயலற்ற நேரம். எதைச் சொல்ல.

"வாரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம் மிச்சமாகும்னும்மா."

"மிச்சம் பிடிச்ச நேரத்துல என்ன செய்தீங்க?"

"தண்ணி எடுத்தோம்."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம். "கொள்ளாம்" என்றார். நல்லது என்று அர்த்தம், அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அஜினும் அப்படித்தான். "கொள்ளாம். அந்தத் தண்ணி ஆருக்காவது உதவட்டு."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. துண்டிக்கவும் இல்லை. அவர் மூச்சு கேட்டது. 16:34க்கு நிமிடங்கள் தீர்ந்தன.

 அந்தத் தண்ணீர் யாருக்குப் போனது என்று பார்க்கப் பதிவுகளைத் திறந்தேன். முதல் முறையாகச் சேமிப்புத் தொட்டிகளின் பதிவைப் பார்த்தேன். எடுத்த அளவை மட்டும்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எல்லோருமே அதைத்தான் பார்த்தோம்.

மூன்று தொட்டிகளும் நாள் 176இலேயே நிரம்பிவிட்டன. கப்பல் வரும்வரை வேறு கொள்கலன் இல்லை. அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு லிட்டரையும் நிகர் கழிவுக் குழாய் வழியாக வெளியே விட்டிருக்கிறது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று விதி இல்லை. நாள் 176 முதல் 186 வரை. நாலாயிரத்து எழுநூறு லிட்டர். பிச்சையா துளைப்பானில் நின்று எடுத்தது. எடுத்த பள்ளத்திலேயே போய் விழுந்து உறைந்துவிட்டது.

லீலாபாயிடம் இதைச் சொல்லவில்லை. இனிச் சொல்ல நிமிடமும் இல்லை. பிச்சையாவிடம் சொல்ல மாட்டேன். ராபியாவிடமும். நாளை 10:00க்கு நிகரை அணைக்கிறேன், அதோடு இந்தப் பதிவேட்டையும் மூடுகிறேன். ஆகவே இங்கே மட்டும்.

வருபவர் கவனத்துக்கு. பள்ளத்தின் வடக்குச் சரிவில், கழிவுக் குழாய்க்குக் கீழே, நாற்பது மீட்டர் அகலத்தில் வெள்ளையாக ஒரு பனித்தகடு கிடக்கும். புதியது, வரைபடத்தில் இருக்காது. அதன் மேல் வண்டியை ஓட்டாதீர்கள். வழுக்கும்.